பத்தொன்பது வயதின் மதிப்பெண்: கூடைப்பந்து சிமுலேஷன் லீக்குகளில் வீரர் வளர்ச்சியும் தற்செயலும்

2013 ஜூன் 27 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் என்.பி.ஏ. டிராஃப்ட் நடந்தது. லீக்கின் 30 அணிகள் வரிசைப்படி புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு இது. முதல் வாய்ப்பைப் பெற்ற கிளீவ்லாந்து அணி ஆந்தனி பென்னட்டை எடுத்தது. 11-ஆவதாக ஃபிலடெல்ஃபியா அணி மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸை எடுத்தது. கிரீஸின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த 18 வயது யானிஸ் அண்டெட்டோகும்போவை 15-ஆவதாக மில்வாக்கி எடுத்தது. 27-ஆவதாக அழைக்கப்பட்ட பெயர் ரூடி கோபேர்.

பென்னட் நான்கு பருவங்களில் நான்கு அணிகளுக்கு ஆடினார். 2017-க்குப் பிறகு அவருக்கு என்.பி.ஏ.வில் இடம் கிடைக்கவில்லை. கார்ட்டர்-வில்லியம்ஸ் அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றார். அடுத்த பருவம் முடிவதற்குள்ளேயே அவருடைய அணி அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு ஏழு புள்ளிகள்கூட எடுக்காத யானிஸ், 2019, 2020 ஆண்டுகளில் லீக்கின் மிகமதிப்புமிக்க வீரர் ஆனார். 2021-இல் மில்வாக்கிக்குக் கோப்பையை வென்று தந்தார். கோபேர் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை பெற்றார்.

தேர்வு செய்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். பல மாதங்கள் பயணம் செய்து ஆட்டங்களைப் பார்த்தவர்கள், மருத்துவ அறிக்கைகளைப் படித்தவர்கள், வீரர்களிடம் நேரில் பேசியவர்கள். இருந்தும் அன்றைய வரிசைக்கும் பத்தாண்டு கழித்து எழுதக்கூடிய வரிசைக்கும் பொருத்தமே இல்லை. கணினியில் கூடைப்பந்து லீக் நடத்தும் விளையாட்டை உருவாக்குபவர் இந்தப் பொருத்தமின்மையை நிரலாக எழுதியாக வேண்டும். ஒரு இளைஞன் எப்படி வளர்கிறான் என்ற கேள்விக்கு அவர் சூத்திர வடிவில் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விடையில் தற்செயலுக்குப் பெரிய இடம் கொடுப்பதுதான் நேர்மை என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தத் தற்செயல் எந்த வடிவத்தில் அமைகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

லீக் எப்படி இயங்குகிறது

சிமுலேஷன் லீக்கில் பந்தை யாரும் கையால் ஆட்டுவதில்லை. பங்கேற்பவர் ஒரு அணியின் ஜெனரல் மேனேஜர். யாரை எடுப்பது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம் தருவது என்று அவர் முடிவெடுக்கிறார். ஆட்டங்களைக் கணினி நடத்துகிறது. இதைத் தனியாளாகவும் ஆடலாம். பல நண்பர்கள் ஆளுக்கொரு அணியை எடுத்துக்கொண்டு, ஒரு கமிஷனர் பொதுவான கணினிக் கோப்பை இயக்க, ஆண்டுக்கணக்கில் தொடரும் லீக்குகளும் உண்டு.

இணைய உலாவியில் இலவசமாக ஆடக்கூடிய 'பாஸ்கெட்பால் ஜி.எம்.' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜெரமி ஷெஃப் உருவாக்கிய இந்த விளையாட்டின் நிரலை எவரும் திறந்து படிக்கலாம். அதில் ஒரு வீரர் என்பவர் 15 எண்களின் தொகுப்பு. உயரம், வலிமை, வேகம், தாவும் திறன், தாக்குப்பிடிக்கும் திறன் ஆகியவை உடல் சார்ந்தவை. ஃப்ரீ த்ரோ, மூன்று புள்ளி எறிதல், பந்தைத் தட்டிச் செல்லுதல், பாஸ் கொடுத்தல், ரீபவுண்டு போன்றவை கைத்திறன் சார்ந்தவை. தாக்குதலுக்கும் தடுப்புக்கும் தனித்தனியாக ஆட்ட அறிவுக்கான எண்களும் உண்டு. இவற்றிலிருந்து இன்றைய ஒட்டுமொத்த மதிப்பெண் ஒன்றும், எதிர்காலத்தில் எட்டக்கூடிய மதிப்பெண் ஒன்றும் கணக்கிடப்படுகின்றன. இரண்டாவதைத்தான் பொட்டென்ஷியல் என்கிறார்கள்.

ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் எல்லா வீரர்களின் எண்களும் மாறும். பல லீக்குகளில் ஆண்டின் மிகப் பரபரப்பான நாள் இறுதிப் போட்டி நாள் அல்ல. இந்த மாற்றங்கள் வெளியாகும் நாள்தான். எதிர்கால நட்சத்திரம் என்று நம்பிப் பெரும் விலை கொடுத்து வாங்கிய 20 வயது வீரர் காரணமே சொல்லப்படாமல் சில எண்கள் இறங்கியிருப்பார். யாரும் சீண்டாத இரண்டாம் சுற்று வீரர் ஒரே தாவலில் முதல் ஐவரில் இடம் பிடித்திருப்பார். நிரல் நியாயமற்றது என்ற குரல் அன்றுதான் ஓங்கும். அந்தக் குரலுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உச்சவரம்பா, நடைபாதையா?

வீரர் வளர்ச்சியை நிரலாக எழுத இரண்டு அடிப்படை வழிகள் உள்ளன.

முதல் வழியில் ஒவ்வொரு வீரருக்குள்ளும் ஓர் உச்சவரம்பு ஒளிந்திருக்கிறது. கால்பந்து மேலாண்மை விளையாட்டான 'ஃபுட்பால் மேனேஜர்' இந்த வழியில் செல்வது. அதில் இன்றைய திறனுக்கு ஓர் எண், எட்டக்கூடிய உச்சத் திறனுக்கு ஓர் எண் என 200 வரையிலான அளவுகோலில் இரண்டு எண்கள் மறைந்திருக்கின்றன. வீரர் எவ்வளவு உழைத்தாலும் உச்ச எண்ணைத் தாண்ட முடியாது. இளம் வீரர்கள் சிலருக்கு உச்சத்தை ஒரே எண்ணாகக் குறிக்காமல் ஒரு வீச்சாகக் குறிப்பார்கள்; புது ஆட்டம் தொடங்கும்போது அந்த வீச்சுக்குள் ஓர் எண் விழும். விழுந்த பிறகு அந்த ஆட்டம் முடியும்வரை அது மாறாது. விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்ற நம் பழமொழியின் உலகம் இது. முளைக்குள் விதி எழுதப்பட்டிருக்கிறது. திறமையான மேலாளர் என்பவர் அதை மற்றவர்களுக்கு முன் படித்துவிடுபவர்.

இரண்டாம் வழியில் முளைக்குள் எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. பாஸ்கெட்பால் ஜி.எம். இந்த வகையைச் சேர்ந்தது. அங்கே பொட்டென்ஷியல் ஒரு மதிப்பீடு மட்டுமே. இந்த வயதில் இந்த எண்களோடு இருப்பவர் சராசரியாக எந்த உயரத்தை எட்டுவார் என்ற ஊகம் அது. வீரர் அதைத் தாண்டலாம், கிட்டவே போகாமலும் இருக்கலாம். ஆண்டுதோறும் அவருடைய எண்கள் ஒரு படி நகரும். அந்தப் படியின் ஒரு பகுதியை வயது முடிவு செய்கிறது, மறு பகுதியைச் சமவாய்ப்பு எண் முடிவு செய்கிறது. அடுத்த ஆண்டின் படி புதிய இடத்திலிருந்து தொடங்கும்.

புதிதாக வருபவர்கள் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. திரையில் 75 என்ற பொட்டென்ஷியலைப் பார்த்ததும் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். வீரர் 58-இல் நின்றுவிட்டால் 17 எண்கள் திருடுபோனதாக உணர்கிறார்கள். உண்மையில் அந்த 75 ஒருபோதும் அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. திரையில் தெரியும் எண்களிலேயே பிழை கலந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இளம் வீரர்களின் மதிப்பெண்கள் சற்றுக் கலங்கலாகவே காட்டப்படும். வீரர்களை உளவறிவதற்கு அதிகம் செலவிடும் அணிக்கு அந்தக் கலக்கம் குறையும். எதிர்காலம் மட்டுமல்ல, நிகழ்காலமும் முழுதாகத் தெரிவதில்லை என்பது நிஜ அணிகளுக்கும் பொருந்தும் உண்மை.

தற்செயலுக்கும் ஒரு வடிவம் உண்டு

தற்செயல் என்றால் எதுவும் எப்படியும் நடக்கலாம் என்று பொருளல்ல. நன்றாக எழுதப்பட்ட நிரலில் அதற்குத் திட்டமான வடிவம் இருக்கிறது.

முதலாவது, வயது. பாஸ்கெட்பால் ஜி.எம். நிரலில் 20 வயது வரை சராசரி வளர்ச்சி மிக அதிகம். பிறகு அது படிப்படியாகக் குறைகிறது. இருபதுகளின் நடுவில் சமதளம். முப்பதை நெருங்கும்போது இறக்கம். சமவாய்ப்பின் வீச்சும் வயதோடு சுருங்குகிறது. 19 வயது வீரரின் அடுத்த ஆண்டு பெரும் மர்மம்; 28 வயது வீரரின் அடுத்த ஆண்டு ஏறக்குறையத் தெரிந்ததே.

இரண்டாவது, சமச்சீரின்மை. இளம் வயதில் மேலே தாவும் எல்லை அகலமாகவும் கீழே விழும் எல்லை குறுகலாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஆண்டில் வியக்கத்தக்க அளவு உயரலாம், அதே அளவு சரிய முடியாது. கற்ற திறனை 20 வயதில் திடீரென மறப்பவர்கள் அரிது, திடீரென மலர்பவர்கள் உண்டு என்ற அனுபவ உண்மை இதில் பதிந்திருக்கிறது.

மூன்றாவது, திறன்கள் சேர்ந்து நகர்வது. 15 எண்களும் தனித்தனிச் சீட்டு எடுத்தால் ஒன்றின் ஏற்றம் மற்றொன்றின் இறக்கத்தை ஈடுகட்டிவிடும். எல்லா வீரர்களும் சராசரியிலேயே தேங்கிவிடுவார்கள். ஆகவே ஓர் ஆண்டுக்கு ஓர் அடிப்படை மாற்றம் முதலில் முடிவாகி, அது பெரும்பாலான திறன்களை ஒரே பக்கம் இழுக்கிறது. நல்ல கோடைகாலப் பயிற்சி ஒருவரின் எறிதலையும் உடலையும் புரிதலையும் ஒருசேர உயர்த்துவதைப் போன்றது இது. அதேநேரம் ஒவ்வொரு திறனுக்கும் தனிக் காலக்கணக்கும் இருக்கிறது. வேகமும் தாவலும் முன்னதாகக் குறையத் தொடங்குகின்றன, எறியும் திறன் நீண்ட காலம் நிலைக்கிறது, ஆட்ட அறிவு தொழில்முறை ஆட்டத்தின் முதல் சில ஆண்டுகளில் விரைந்து கூடுகிறது. 20 வயதுக்குட்பட்டவர் சற்று உயரமாக வளர்வதற்குக்கூட நிரலில் சிறு வாய்ப்பு விடப்பட்டிருக்கிறது. டிராஃப்டுக்குப் பிறகும் யானிஸ் உயரமானார் என்பதை நினைத்தால் அது வீண் நுணுக்கமல்ல என்று புரியும்.

கூட்டம் தெரியும், ஆள் தெரியாது

இந்த வடிவத்தின் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். இளம் வீரர் ஒருவரின் ஆண்டு மாற்றத்தில் வயதின் பங்கைக் கழித்தபின் மிஞ்சும் தற்செயலின் திட்டவிலக்கம் 4 எண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டின் மாற்றம் மற்றொன்றைச் சார்ந்ததல்ல என்றால், ஐந்து ஆண்டுகளின் கூட்டுத் திட்டவிலக்கம் 20 ஆகாது. 4-ஐ 5-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் சுமார் 9 ஆகும். டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவருக்கும் பத்தாவதாக எடுக்கப்பட்டவருக்கும் இடையிலான தொடக்க வித்தியாசம் 5 எண்கள் என்றால், அந்த 9 அதை எளிதில் விழுங்கிவிடும். பத்தாவது ஆள் முதலாமவரை முந்துவது அதிசயமல்ல, வழக்கமான நிகழ்வு.

அடுத்த படி இன்னும் சுவையானது. இயல்நிலைப் பரவலில் சராசரியைவிட இரண்டு திட்டவிலக்கம் மேலே போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம். இரண்டு சுற்றுகளில் 60 பேர் எடுக்கப்படும் டிராஃப்டில் அப்படி ஒருவரோ இருவரோ இருப்பார்கள். எதிர்பார்ப்பைவிட 18 எண்கள் உயரும் அந்த ஒருவர் பெரும்பாலான ஆண்டுகளில் வருவார் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அவர் யார் என்றுதான் சொல்ல முடியாது. 2014-இல் 41-ஆவதாக எடுக்கப்பட்ட நிகோலா யோக்கிச் அப்படிப்பட்ட ஒருவர். அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நொடியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் மூன்று முறை மிகமதிப்புமிக்க வீரர் விருதையும், 2023-இல் டென்வருக்குக் கோப்பையையும் வென்றார். இரண்டாம் சுற்றில் ஒரு யோக்கிச் ஒளிந்திருக்கலாம் என்பது சூதாடியின் நப்பாசை அல்ல, புள்ளியியலின் எதிர்பார்ப்பு. அவரை முன்கூட்டியே அடையாளம் காண்பேன் என்பதுதான் நப்பாசை.

இதிலிருந்து மேலாளருக்கு ஒரு நடைமுறைப் பாடம் பிறக்கிறது. இரண்டு வீரர்களின் இன்றைய மதிப்பெண் ஒன்றே என்று கொள்வோம். மூத்தவர் எப்போதும் 50-இலேயே இருப்பார். இளையவர் 70, 50, 30 என்ற மூன்று முடிவுகளில் ஒன்றைச் சம வாய்ப்போடு அடைவார். இருவரின் சராசரியும் 50. ஆனால் 30-க்கு இறங்கியவரை மேலாளர் வைத்திருக்கத் தேவையில்லை. 40 மதிப்பெண்ணுள்ள ஒப்பந்தமற்ற வீரர் சந்தையில் எப்போதும் கிடைப்பார் என்றால், இளையவரின் மூன்று முடிவுகளும் நடைமுறையில் 70, 50, 40 ஆகின்றன. சராசரி 53-ஐத் தாண்டுகிறது. தோல்வியைக் கைவிட முடிந்து வெற்றியைத் தக்கவைக்க முடியும்போது, நிச்சயமின்மைக்கே ஒரு விலை உண்டாகிறது.

கூடைப்பந்தில் இந்த விலை மற்ற ஆட்டங்களைவிட அதிகம். களத்தில் ஐந்து பேர்தான். 48 நிமிட ஆட்டத்தில் சிறந்த வீரர் 36 நிமிடங்களுக்குமேல் ஆட முடியும். ஒரு 70 வீரரை இரண்டு 50 வீரர்களைக் கொண்டு ஈடுசெய்ய முடியாது. பாஸ்கெட்பால் ஜி.எம். அணியின் பலத்தைக் கணக்கிடும்போதும் முதல் வீரருக்குத் தரும் எடை மிக அதிகம், பத்தாவது வீரருக்குத் தரும் எடை மிகக் குறைவு.

நிஜ லீக்கில் இந்தத் தர்க்கத்தை எல்லை வரை கொண்டுபோனவர் ஃபிலடெல்ஃபியாவின் சாம் ஹிங்கி. 2013 முதல் மூன்று பருவங்கள் அவர் தெரிந்த வீரர்களை விற்றுத் தெரியாத இளைஞர்களையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் குவித்தார். அந்த மூன்று பருவங்களில் அணி 47 வெற்றி, 199 தோல்வி கண்டது. 2014-இல் மூன்றாவதாக எடுத்த ஜோயல் எம்பீட் காயத்தால் இரண்டு முழுப் பருவங்களை இழந்து, பின்னர் 2023-இல் மிகமதிப்புமிக்க வீரரானார். 2015-இல் அதே மூன்றாம் இடத்தில் எடுத்த ஜலில் ஓகாஃபோர் நிலைக்கவில்லை. எடுத்தவர் ஒரே ஆள், ஒரே முறை, ஒரே இடம். இரண்டு எதிரெதிர் முடிவுகள். ஹிங்கியோ எம்பீட் களமிறங்கும் முன்பே, 2016 ஏப்ரலில் பதவி விலகிவிட்டார்.

நிரலில் இல்லாத காரணங்கள்

இதுவரை சொன்னதை வைத்து நிஜ வீரர்களின் வாழ்க்கையும் சீட்டுக் குலுக்கல்தான் என்று முடிவு கட்டினால் பெரும் பிழையாகும். நிரலில் தற்செயல் என்று எழுதப்படுவது, நிஜத்தில் நாம் அளக்காத காரணங்களின் மொத்தத் தொகை.

2017-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட மார்கெல் ஃபுல்ட்ஸ் தன் எறியும் முறையையே இழந்தார். மனத் தடுமாற்றம் என்று பலர் பேசினர். 2018-இல் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பு அழுத்தப்படும் நோய் என்று கண்டறியப்பட்டது. 2007-இல் கெவின் டுரான்ட்டுக்கு முன்னதாக எடுக்கப்பட்ட கிரெக் ஓடன் முழங்கால் காயங்களால் மொத்தம் 105 ஆட்டங்களே ஆடினார். 2011-இல் 15-ஆவதாக வந்த கவாய் லெனர்ட், கல்லூரியில் நல்ல எறியாளர் அல்லர். சான் அன்டோனியோ அணியில் சிப் எங்கலாண்ட் என்ற பயிற்சியாளர் அவருடைய எறிதலைத் திருத்தியமைத்தார். ஒரு நரம்பு, ஒரு மூட்டு, ஓர் ஆசான். நிரலில் இவை மூன்றுமே ஒரே சமவாய்ப்பு எண்ணுக்குள் அடங்கிப்போகின்றன.

இன்னும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. பாரி ஸ்டா, ஹா ஹோவாங் ஆகிய ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், 1980 முதல் 1986 வரை என்.பி.ஏ.வுக்குள் வந்த வீரர்களை ஆராய்ந்தார்கள். களத்தில் காட்டிய திறனையும் காயங்களையும் கணக்கில் எடுத்த பிறகும், முன்னதாகத் தேர்வானவர்களுக்கு அதிக நிமிடங்கள் கிடைத்தன, அவர்கள் லீக்கில் நீண்ட காலம் நீடித்தார்கள். உயர்ந்த வாய்ப்பைச் செலவழித்து எடுத்த ஒருவரைக் கைவிட அணிகளுக்கு மனம் வருவதில்லை. ஆக, டிராஃப்ட் வரிசை என்பது எதிர்காலத்தைப் பற்றிய ஊகம் மட்டுமல்ல. அதுவே எதிர்காலத்தை ஓரளவு உருவாக்குகிறது.

பாஸ்கெட்பால் ஜி.எம். உலகில் அப்படி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் களத்தில் ஆடினாலும் வளர்ச்சிக்கான சீட்டு ஒன்றே. அணியின் பயிற்சி நிலை ஓரளவு உதவும், ஆடும் நிமிடங்கள் உதவுவதில்லை. இது ஒரு குறைதான். ஆனாலும் அந்தக் குறையால் ஒரு தெளிவு கிடைக்கிறது. நிஜத்தில் திறமையும் வாய்ப்பும் பின்னிப் பிணைந்திருப்பதால், 50-ஆவதாக எடுக்கப்பட்டுக் காணாமல் போனவர் திறமையில்லாமல் போனாரா, வாய்ப்பில்லாமல் போனாரா என்று பிரித்தறிய முடிவதில்லை. சிமுலேஷனில் 50-ஆவது ஆளும் முதல் ஆளும் ஒரே நிபந்தனையில் வளர்கிறார்கள். அப்படி வளரும்போது பின்வரிசையிலிருந்து எத்தனை பேர் மேலே வருகிறார்கள் என்று பார்ப்பவருக்கு, நிஜ லீக் எத்தனை பேரை வளரவிடாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கும் என்ற கேள்வி எழாமல் போகாது.

ஒரே இளைஞன், பல வாழ்க்கைகள்

பாஸ்கெட்பால் ஜி.எம். விளையாட்டில் நிஜ வீரர்களைக் கொண்டும் கடந்தகாலப் பருவம் ஒன்றிலிருந்து லீக்கைத் தொடங்கலாம். அங்கே ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் பூச்சியத்தில் வைத்தால் அவர்கள் விளையாட்டின் கற்பனை வீரர்களைப் போலத் தற்செயலாக வளர்வார்கள். நூறு விழுக்காட்டில் வைத்தால் நிஜத்தில் எப்படி வளர்ந்தார்களோ அப்படியே வளர்வார்கள். நூறில் வைத்து ஆடினால் மேலாளர் தீர்க்கதரிசி ஆகிறார். கூடவே அவர் முடிவெடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. பூச்சியத்தில் வைத்துப் பலமுறை ஓட்டிப் பார்த்தால், ஒரே இளைஞன் ஓர் உலகில் நட்சத்திரமாகவும் இன்னோர் உலகில் எட்டாவது ஆளாகவும் மற்றோர் உலகில் 25 வயதில் வேலையிழந்தவனாகவும் தெரிவான். வரலாறு ஒரே ஒரு முறைதான் ஓடுகிறது. சிமுலேஷன் மட்டுமே அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டுகிறது.

அந்தக் காட்சியை ஊன்றிப் பார்த்தவர் நிஜ மனிதர்களைப் பற்றிப் பேசும் விதத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். தோற்ற தேர்வுகளுக்குப் 'பஸ்ட்' என்று பெயர் வைத்து, ஆண்டுதோறும் பட்டியலிட்டு, பென்னட் போன்றவர்களை அதன் உச்சியில் நிறுத்துவது விளையாட்டு எழுத்தின் வழக்கமாகிவிட்டது. தன்னை முதலாவதாக எடுக்கும்படி அந்த இளைஞன் யாரையும் ஏமாற்றவில்லை. அகன்ற பரவல் ஒன்றின் கீழ்ப்பகுதியில் அவருடைய காலம் விழுந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களின் உயரத்தை வைத்து அவரைப் பழிப்பது கணக்கும் அல்ல, நியாயமும் அல்ல.

சிமுலேஷன் லீக் நடத்துபவர்களிடமும் சில கோரிக்கைகள் உண்டு. தோற்றவர்களின் கோபத்துக்கு அஞ்சித் தற்செயலைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் டிராஃப்ட் நாளிலேயே அடுத்த பத்தாண்டு முடிவாகிவிடும், பின்தங்கிய அணிக்கு நம்பிக்கை இராது. குறைப்பதற்குப் பதிலாக அதை வெளிப்படையாக்கலாம். பொட்டென்ஷியலை ஒற்றை எண்ணாகக் காட்டாமல் இன்னின்ன எண்ணுக்குள் என்ற வீச்சாகக் காட்டலாம். எந்த வயதில் எவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பு என்பதை விதிமுறையிலேயே எழுதி வைக்கலாம். எண்கள் பிடிக்கவில்லை என்பதற்காகப் பழைய கோப்புக்குத் திரும்பி மறுபடி சீட்டெடுக்கும் வழக்கத்தைப் பொது லீக்குகளில் அறவே தடுக்க வேண்டும்; மறு சீட்டு உண்டு என்றால் எந்த முடிவுக்கும் பொறுப்பு இராது. மேலாளரின் திறமையை ஒரு வீரரின் ஏற்றத்தையோ சரிவையோ வைத்து அளக்காமல், பல பருவங்களில் அவர் எடுத்த பல முடிவுகளின் தரத்தை வைத்து அளக்க வேண்டும்.

பத்தொன்பது வயதில் ஒருவருக்கு மதிப்பெண் போடுவது கூடைப்பந்தில் மட்டும் நடப்பதல்ல. அந்த எண்ணைச் சுற்றி எவ்வளவு அகலமான இடைவெளி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவு. எண்ணை மட்டும் சொன்னால் வெறும் தீர்ப்பு. கூட்டத்தைக் கணிக்கவும், தனி ஆளுக்கு முன் அடக்கத்தோடு நிற்கவும் கற்றுக்கொடுக்கும் லீக்கே நல்ல லீக்.